டிபிஎஸ் வான்டேஜ் அட்டை: 599 வெள்ளி 50 காசு கொடுக்கலாமா?

சிங்கப்பூரின் டிபிஎஸ் வங்கி வழங்கும் வான்டேஜ் கடன்பற்று அட்டைக்கு, 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்து, ஆண்டுக் கட்டணம் 599 வெள்ளி 50 காசு. அதே வங்கியின் ஆல்டிடியூட் அட்டைக்கு 196 வெள்ளி 20 காசுதான். முன்னதைப் பெற ஆண்டு வருமானம் 120,000 வெள்ளி இருக்க வேண்டும். பின்னதற்கு 30,000 வெள்ளி போதும். வருமானத் தகுதி வந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மேல்நிலை அட்டைக்கு மாறுபவர்கள் நம்மிடையே குறைவில்லை. இரண்டையும் வைத்துப் புழங்கியவன் என்ற முறையில், அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது, என்ன திரும்பி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

கட்டணத்தைச் செலுத்தியதும் வான்டேஜில் 25,000 மைல் (விமான டிக்கெட் பெறப் பயன்படும் வெகுமதி) வரவு வைக்கப்படுகிறது. இதை வங்கியின் அன்பளிப்பு என்று நினைப்பவர்கள் பலர். உண்மையில் ஒரு மைலை 2.4 காசு கொடுத்து நாமே வாங்குகிறோம். ஆல்டிடியூடில் கட்டணத்துக்கு ஈடாகக் கிடைக்கும் 10,000 மைலில் ஒன்றின் விலை 1.96 காசு. அட்டையின் தரம் கூடக்கூட மைலின் விலையும் கூடுகிறது என்பது சற்று வேடிக்கைதான். இங்கே மைல் சேர்ப்பவர்கள் ஒரு மைலை ஒன்றரைக் காசு என்று மதிப்பிடுவது வழக்கம். அந்த மதிப்பில் 25,000 மைல் 375 வெள்ளிக்குச் சமம். எஞ்சிய 224 வெள்ளி 50 காசை அட்டையின் மற்றச் சலுகைகள் ஈடுகட்டியாக வேண்டும்.

முதல் சலுகை, செலவுக்குக் கிடைக்கும் மைல். உள்ளூரில் ஒவ்வொரு வெள்ளிக்கும் வான்டேஜ் 1.5 மைலும் ஆல்டிடியூட் 1.3 மைலும் தருகின்றன; வெளிநாட்டு நாணயச் செலவுக்கு இரண்டுமே 2.2 மைல்தான் தருகின்றன. மாதம் 2,500 வெள்ளி உள்ளூரில் செலவழிக்கும் ஒருவருக்கு ஆண்டு முழுவதற்குமான வேறுபாடு 6,000 மைல், அதாவது 90 வெள்ளி. அந்த 2,500 வெள்ளியிலும் காப்புறுதிச் சந்தா, மருத்துவமனைக் கட்டணம், நகர மன்றக் கட்டணம், மின்சாரம், தண்ணீர், பள்ளிக் கட்டணம் ஆகியவை சேராது. குடும்பஸ்தர்களின் பெரிய செலவுகள் பெரும்பாலும் இவையே.

ஆக, பாக்கி 134 வெள்ளி 50 காசை விமான நிலைய லவுஞ்ச் (பயணிகள் ஓய்வுக்கூடம்) சுமக்க வேண்டியிருக்கிறது. வான்டேஜில் பிரயாரிட்டி பாஸ் என்ற லவுஞ்ச் நுழைவுத் திட்டம் வழியாக ஆண்டுக்குப் பத்து முறை இலவசமாக நுழையலாம். ஆல்டிடியூடிலும் இரண்டு முறை உண்டு. கூடுதலாக நமக்குக் கிடைப்பது எட்டு. அத்தனையையும் பயன்படுத்தினால் ஒரு முறைக்கு ஏறத்தாழ 17 வெள்ளி விழும். அது நியாயமான விலை. சாங்கியில் மாலை நெரிசலில், பெட்டிகளோடு வரிசையில் நின்று, "இன்னும் அரை மணி நேரம் ஆகும்" என்ற பதிலைக் கேட்டு, உள்ளே போனபோது மீ கோரெங் தட்டு வழித்து வைக்கப்பட்டிருந்ததையும் சைவ உணவு என்று சாலட் மட்டுமே மிஞ்சியிருந்ததையும் பார்த்தவனுக்கு அந்த 17 வெள்ளியும் சில நாள் அதிகமாகத்தான் தோன்றும். முன்கூட்டியே போய் அமைதியாக உட்காரக் கிடைத்த நாள்களில் மனம் வேறு மாதிரி சொல்லும்.

இந்தக் கணக்கு முழுவதும் ஒன்றரைக் காசு என்ற மதிப்பையே சார்ந்திருக்கிறது. நம்மில் பலருடைய பயணம் திருச்சிக்கு. ஏறுவது ஸ்கூட், இண்டிகோ அல்லது ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் மைல் திட்டமான கிரிஸ்ஃபிளையரில் சேர்த்த மைலை வைத்து அந்த நிறுவனத்தின் விமானத்தில் சென்னைக்குப் பறக்கலாம் என்றாலும், ஜூன், டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு குடும்பத்துக்கே குறைந்த மைல் கேட்கும் சேவர் வகை இருக்கைகள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் விமான நிலைய வரியை ரொக்கமாகவே கட்ட வேண்டும். டிக்கெட் விலையில் ஒரு பகுதியை மைலால் கழித்துக்கொண்டால் ஒரு மைலுக்கு ஏறத்தாழ ஒரு காசுதான் தேறும். அந்த மதிப்பில் அதே லவுஞ்ச் நுழைவு ஒவ்வொன்றும் 36 வெள்ளி ஆகிவிடுகிறது. மாறாக, சிட்னிக்கோ லண்டனுக்கோ பிசினஸ் வகுப்பில் போவதற்காகப் பொறுமையாக மைல் சேர்ப்பவருக்கு ஒரு மைலின் மதிப்பு ஒன்றரைக் காசைத் தாண்டும். அவருக்கு வான்டேஜ் தாராளமாகக் கட்டுப்படியாகும். எக்கானமியில் ஊருக்குப் போய்வரும் குடும்பத்துக்கு அது தேவையில்லை என்பதே என் முடிவு.

ஊரில் அட்டையைத் தேய்த்தால் மைல் கொட்டும் என்பதும் பாதி உண்மையே. வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு வங்கி 3.25 விழுக்காடு கட்டணம் பிடிக்கிறது, 2.2 மைலுக்கு அதைப் பகிர்ந்தால் ஒரு மைல் ஏறத்தாழ 1.48 காசுக்கு வந்து நிற்கிறது. திருச்சி என்எஸ்பி சாலையில் பட்டுப்புடவைக்குப் பணம் கட்டும்போது, இயந்திரத்தின் திரையில் ரூபாயிலும் சிங்கப்பூர் வெள்ளியிலும் இரண்டு தொகைகள் தோன்றினால், ரூபாயைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். வெள்ளியைத் தொட்டால் மாற்று விகிதத்திலும் நட்டம், வெளிநாட்டுச் செலவுக்குரிய மைலும் கிடைக்காது. கடைப்பையன் நமக்கு உதவுவதாக நினைத்து வெள்ளியை அழுத்திவிடுவதும் உண்டு.

ஆண்டுக்கு 60,000 வெள்ளி செலவழித்தால் வான்டேஜின் கட்டணம் தள்ளுபடியாகும், ஆனால் அந்த 25,000 மைல் வராது. ஆல்டிடியூடில் அந்த எல்லை 25,000 வெள்ளி மட்டுமே. வான்டேஜை விட்டுவிடத் தீர்மானிப்பவர்கள், அட்டையை ரத்து செய்யச் சொல்வதற்கு முன்பே மைலுக்காக அட்டையில் சேர்ந்த புள்ளிகளைக் கிரிஸ்ஃபிளையருக்கு மாற்றிவிட வேண்டும்; ஒரு முறை மாற்ற 27 வெள்ளி 25 காசு ஆகும், மாற்றிய மைல் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். கணக்கை மூடிய பிறகு கேட்டால் புள்ளிகள் கிடைக்காது.