இரும்புப் பெட்டிக்குள் வைக்கும் சிலிக்கா ஜெல் டப்பா: வாங்கலாமா?

சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் வீடு. பின்னால் செம்பனைத் தோட்டம், மழை தொடங்கினால் அலமாரியில் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் சின்ன இரும்புப் பெட்டியில் கெரானையும் (நிலப் பட்டா) நகையையும் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? கெரான் நமத்து ஓரமெல்லாம் வளைந்துவிட்டது, அம்மாவின் வெள்ளிக் கொலுசு கறுத்துப்போனது.

அதற்காக ஷாப்பியில் வாங்கியதுதான் இந்த டப்பா. உள்ளங்கை அளவு, துளை போட்ட தகடு, உள்ளே 40 கிராம் சிலிக்கா ஜெல் மணிகள், மேலே பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடி. மணி ஆரஞ்சாக இருந்தால் இன்னும் ஈரத்தை இழுக்கும், கரும்பச்சையானால் வயிறு நிறைந்துவிட்டது என்று அர்த்தம். நீல மணி போட்டதும் கிடைக்கிறது, அதில் கோபால்ட் குளோரைடு இருக்கிறது, பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம்.

வேலை செய்கிறதா? செய்கிறது. கூடவே போட்டுவைத்த ஈரப்பத மீட்டர் முதலில் 78 விழுக்காடு காட்டியது, மறுநாள் 50க்குக் கீழே இறங்கிவிட்டது. காகிதத்துக்கும் நகைக்கும் 40, 50 போதும். ரொம்பவும் காய்ந்தால் முத்து மாலைக்குத்தான் ஆகாது, அதை வெளியே வையுங்கள்.

ஆனால் மணி சீக்கிரமே பச்சையாகிவிடுகிறது. டப்பாவைக் குறை சொல்ல முடியாது, என் பெட்டி தீ தாங்கும் வகை. அதன் சுவருக்குள் அடைத்திருக்கும் கலவையிலேயே தண்ணீர் இருக்கும், தீப்பிடித்தால் அது ஆவியாகிச் சூட்டைக் குறைக்க வேண்டும் என்பதற்காக. சும்மா இருக்கும் நாளிலும் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வரும். அப்புறம், பின்னால் போல்ட் ஓட்டை இருந்தால் அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஊர்க்காற்றையே காயவைக்க வேண்டியதுதான்.

பச்சையானதை ரொட்டி சுடும் அவனில் (oven) 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சு. சூட்டை அதற்கு மேல் ஏற்றினால் சாயம் கெட்டுவிடும். தகர டப்பா, மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள்! கூட வந்த தாளில் இதெல்லாம் ஒன்றும் இல்லை, முழுக்கச் சீனத்தில் நாலு வரிதான்.

பட்டணத்துக் கடையில் விலை மலிவாகத் தண்ணீர் சேரும் பிளாஸ்டிக் டப்பா விற்கிறார்கள், அதைப் பெட்டிக்குள் வைக்கவே கூடாது. அது கால்சியம் குளோரைடு, கவிழ்ந்தால் உப்புத் தண்ணீர் கொட்டி இரும்பும் போச்சு, கெரானும் போச்சு. அரிசி முடிச்சு போடச் சொன்ன பெரியம்மாவுக்கும் பதில் இதேதான், வேண்டாம், வண்டுதான் வரும்.

வாங்குகிறவர்கள் இரண்டாக வாங்குங்கள், ஒன்று அவனில் காயும்போது இன்னொன்று உள்ளே இருக்கட்டும்.