‘அந்த நாள்’, ‘பீட்சா’: இன்றைய பார்வையாளரை எது பிடித்துவைக்கிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டில், பள்ளி விடுமுறையின் இரண்டு இரவுகளில், 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ படத்தையும் 2012இல் கார்த்திக் சுப்புராஜ் இயக்கிய ‘பீட்சா’ படத்தையும் அக்காள் பிள்ளைகளுடன் அடுத்தடுத்துப் பார்த்தேன்.

‘பீட்சா’ உடனே பிடித்துக்கொள்கிறது. பூட்டிய பங்களாவின் இருளில் டார்ச் வெளிச்சத்தோடு தடுமாறும் விஜய் சேதுபதியைக் கண்டதும் இளையவள் தலையணையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

‘அந்த நாள்’ பேயை நம்பியிருக்கும் படமன்று. பாட்டே இல்லாத அந்தக் கறுப்பு வெள்ளைப் படம் தொடங்கியதுமே சிவாஜி கணேசன் சுடப்பட்டு விழுகிறார். பிறகு, ஜப்பானியர் சென்னையில் குண்டு வீசிய 1943ஆம் ஆண்டின் பின்னணியில், விசாரிக்கப்படுவோர் தத்தம் ஐயத்தைச் சொல்லச் சொல்ல, அதே கொலை வெவ்வேறு விதமாக நம் கண்முன் விரிகிறது. “பாட்டு எப்போ வரும் மாமா?” என்று கேட்ட மூத்தவன், சற்று நேரத்தில் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொலையாளி யார் என்று என்னோடு வாதிடத் தொடங்கினான். மலாயாவின் தோட்டத் தமிழர்கள், போரின்போது ஜப்பானியர் போட்ட சயாம் (தாய்லாந்து)–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்த அம்மாவுக்கோ, அந்தப் போர்க்காலமே போதுமான அச்சமாக இருந்தது.

பழைய படத்தின் வசனம் சில இடங்களில் நீள்வது உண்மைதான். ஆயினும், முடிச்சு தெரிந்தபின் ‘பீட்சா’வின் திடுக்கிடல் எனக்குக் குறைந்துவிட்டது, ‘அந்த நாள்’ படத்தையோ, சிவாஜியின் மனைவியாக நடித்த பண்டரிபாயின் முகத்தைக் கூர்ந்து கவனிப்பதற்காகவே மறுபடி பார்த்தேன்.