மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்: வீட்டுக் கணினிக்கு இது போதுமா?

கோலாலம்பூர் லோ யாட்டில் மடிக்கணினி வாங்கி வருபவர்கள் தவறாமல் கேட்பது, ஆண்டிவைரஸுக்குத் தனியாக வெள்ளி செலவழிக்கணுமா என்பதுதான். வேண்டாம். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் கூடவே வரும் டிஃபெண்டர் வீட்டுக்குத் தாராளம். ஆனால் சில செட்டிங்கை நாமே பார்க்க வேண்டும்.

முதலில் எக்ஸ்குளூஷன்ஸ், அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விட்டுவிடும் இடங்களின் பட்டியல். செகண்ட் ஹேண்ட் கணினி, ‘கிராக்’ (திருட்டு) விண்டோஸ் போட்ட கணினி என்றால் இதைக் கட்டாயம் பாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய்க் கடைசிவரை இறங்குங்கள். திருட்டு விண்டோஸை இயக்கிவைக்கும் கிராக் ஆக்டிவேட்டர்கள் தங்கள் ஃபோல்டரையோ, சில சமயம் சி டிரைவ் முழுவதையுமோ இங்கே சேர்த்துவிடும். அதன் பிறகு டிஃபெண்டர் அந்த இடத்தைத் தொடவே தொடாது. பச்சை டிக் மட்டும் எப்போதும் போல நிற்கும். நீங்கள் சேர்க்காத எதுவும் அங்கே இருக்கக் கூடாது. நீக்கிவிட்டு, அதே பக்கத்தில், டிஃபெண்டர் செட்டிங்கை வேறு புரோகிராம் மாற்றாமல் தடுக்கும் டாம்பர் புரொடெக்ஷன் ‘ஆன்’ என்று இருக்கிறதா பாருங்கள். பிறகு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன். கணினி அணைந்து எழும், கால் மணி நேரம் போல ஆகும். விண்டோஸ் முழுதாக எழும் முன்பே தேடுவதால், ஓடிக்கொண்டே ஒளிந்திருக்கும் கிருமிகளும் மாட்டும்.

அடுத்தது கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ். டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களில் அறிமுகமில்லாத புரோகிராம் கைவைப்பதைத் தடுக்கும். கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரேன்சம்வேருக்கு நல்ல பூட்டு. இது தொடக்கத்தில் அணைந்தே இருக்கும். போட்டதும் கேம் சேவ் ஆகவில்லை என்று பிள்ளைகள் கத்துவார்கள். ‘ரீசென்ட்லி பிளாக்டு ஆப்ஸ்’ பட்டியலிலிருந்து அந்தக் கேமை மட்டும் அனுமதித்தால் போதும், மொத்தத்தையும் அணைக்க வேண்டாம்.

துணைக்கு மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை வைத்துக்கொள்ளலாம். வேண்டாத டூல்பார், விளம்பரம் காட்டும் ஆட்வேரைத் தேடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். ஆனால் ஒரு சிக்கல்: நிறுவும்போது 14 நாள் பிரீமியம் டிரையல் தொடங்கினால், அது காவலைத் தன் பெயருக்கு மாற்றி டிஃபெண்டரை ஒதுக்கிவிடும். டிரையல் முடிந்தும் டிஃபெண்டர் திரும்பவில்லை என்றால், மால்வேர்பைட்ஸ் செட்டிங்ஸில் விண்டோஸ் செக்யூரிட்டி சென்டரில் தன்னைப் பதியும் தேர்வை அணையுங்கள். இன்னொரு முழு ஆண்டிவைரஸை மேலே போடுவது வீண். கணினி திணறுவதுதான் மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. இணையம் இல்லாதபோது டிஃபெண்டரின் கண் மங்கும், ஏனென்றால் புதுக் கிருமிகளை அடையாளம் காண அது மைக்ரோசாஃப்ட் சர்வரைத்தான் பெரிதும் நம்புகிறது. ஆகவே பென்டிரைவைச் செருகும் முன் வைஃபை இருக்கட்டும். வங்கி பெயரில் வரும் போலித் தளத்தில் நீங்களே பாஸ்வேர்டையும் வங்கி அனுப்பும் டேக் (TAC) எண்ணையும் தட்டினால் எந்த ஆண்டிவைரஸும் கைகொடுக்காது. பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும், மலேசியாவின் தேசிய மோசடி உதவி எண்ணான 997-க்கும் அழையுங்கள்.

இன்னும் விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு: அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு அப்டேட் வந்துகொண்டிருந்தாலும் விண்டோஸின் ஓட்டைகளை அது அடைக்காது. கணினி தாங்கினால் 11-க்கு மாறுங்கள். தாங்காவிட்டால் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இஎஸ்யூ (ESU) என்ற பாதுகாப்பு அப்டேட் நீட்டிப்புக்குப் பதியுங்கள்.