ஐக்லர் வீடா, ஸ்ட்ரெங் வீடா?

வடக்கு கலிபோர்னியாவில் 1950, 60களின் நவீனபாணி வீடு தேடுகிறவர்கள் கடைசியில் வந்து நிற்பது வீடு கட்டி விற்ற இருவரின் பெயர்களில். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி என்றால் ஜோசப் ஐக்லர். சேக்ரமென்டோ, டேவிஸ் பக்கம் என்றால் ஸ்ட்ரெங் சகோதரர்கள். ஐக்லர் கட்டியது சுமார் 11,000 வீடுகள். ஸ்ட்ரெங் கட்டியது 3,500க்கு மேல், பெரும்பாலும் கட்டடக் கலைஞர் கார்ட்டர் ஸ்பார்க்ஸ் வரைந்தவை.

உள்ளே நுழைந்தால் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். தூணும் உத்தரமும் தாங்கும் தாழ்ந்த கூரை, தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர், நடுவில் ஏட்ரியம். ஏட்ரியத்தை நமக்கு விளக்கவே வேண்டாம், அது முற்றம். ஐக்லரில் அது திறந்தே கிடக்கும், மழை நேராக உள்ளே விழும். ஸ்ட்ரெங்கில் பெரும்பாலும் மேலே ஒளி புகும் கூரை போட்டிருப்பார்கள். சேக்ரமென்டோ வெயிலுக்கு அதுதான் சரி.

பெரிய வித்தியாசம் காலடியில் இருக்கிறது. ஐக்லர் வீட்டில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் புதைத்து வெந்நீர் ஓடவிட்டிருப்பார்கள். ஜனவரிக் காலையில் வெறுங்காலோடு நடந்தால் குழாய் போகும் தடம் இளஞ்சூடாகப் பாதத்தில் தெரியும். அந்தச் சுகத்துக்கு ஈடு இல்லை. ஆனால் கொரியப் போர்க்காலத்தில் செம்பு கிடைக்காமல் பல வீடுகளில் எஃகுக் குழாய் போட்டார்கள்; அது துருப்பிடித்து ஒழுகும். பரண் கிடையாது என்பதால் மாற்று ஏற்பாட்டுக்குக் குழாயை ஒளித்துவைக்கவும் இடமில்லை. விலை பேசும் முன்பே, குழாய் ஒழுகுகிறதா என்று காட்டும் பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். தரையை மாற்றியிருந்தால், தளத்தில் எங்கே ஆணி இறங்கியது என்று கேளுங்கள். ஸ்ட்ரெங்கில் சூடான காற்றை ஊதும் வழக்கமான ஏற்பாடு, இந்தக் கவலை இல்லை.

கூரையில் இரண்டுமே ஒன்றுதான்: சரிவு குறைவு, தண்ணீர் தேங்கும், பராமரிப்புச் செலவு உண்டு.

விலை? பாலோ ஆல்டோவின் கிரீன்மெடோவில் ஐக்லர் வீடு 30 லட்சம் டாலருக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். 2005இல் அமெரிக்காவின் வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் ஏறிய குடியிருப்பு அது. சன்னிவேலின் ஃபேர்பிரே கொஞ்சம் இறங்கும், ஆனாலும் 20 லட்சத்தைத் தாண்டும். சேக்ரமென்டோவில் ஸ்ட்ரெங் வீடு பெரும்பாலும் 10 லட்சத்துக்குள் முடிந்துவிடும்.

ஐக்லர் வாங்குவதென்றால் பக்கத்து வீட்டையும் பாருங்கள். அங்கே மாடி எழும்பினால் உங்கள் கண்ணாடிச் சுவருக்குத் திரை போட்டே வாழ வேண்டும். மாடி கட்டத் தடையுள்ள பகுதிகள் பாலோ ஆல்டோவில் பல உண்டு, அவற்றில் தேடுவது நல்லது.

என் மனம் ஐக்லர் பக்கம் சாய்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. இனம் பார்க்காமல் வீடு விற்றவர் அவர். பாகுபாட்டுக்கு எதிராக நிற்க மறுத்த தேசிய வீடு கட்டுவோர் சங்கத்தை விட்டு 1958இல் விலகினார். அவர் கட்டிய தெருவில் இன்று நம்மவர்கள் கோலம் போடுவதைப் பார்க்கும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

ஆனாலும் கடனை இழுத்துப் பிடித்து, தளம் ஒழுகும் ஐக்லரை வாங்காதீர்கள். அதே பணத்தில் பாதிகூட ஆகாது, யாரும் கைவைக்காத மரப்பலகைச் சுவரோடு ஒரு ஸ்ட்ரெங். வேலை வீட்டிலிருந்தே என்றால் நான் டேவிஸுக்குத்தான் போவேன்.