95 கோடி இஸ்க், ஒரு பூட்டிய கதவு: ஈவ் ஆன்லைனில் கூரியர் எடுக்கும் புதியவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று ராத்திரி போனது 95 கோடி இஸ்க், ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி கேமின் காசு. அதன் வாலட் கணக்கில் 950 மில்லியன். கையிலிருந்த 200 பிளெக்ஸை கேமின் பெரிய சந்தையான ஜிட்டாவில் விற்று, வரி போக நின்றது கிட்டத்தட்ட அவ்வளவுதான். பிளெக்ஸ் நிஜக் காசு கொடுத்து வாங்கியது. அதனால் "கேம்தானே, விடு" என்று யாரும் ஆறுதல் சொல்ல வர வேண்டாம். சொந்தப் புலம்பலைத் தவிர்த்துவிட்டு, இந்த ஏமாற்று எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் வரிசையாகச் சொல்கிறேன். தப்பிக்கும் வழிகளைக் கடைசியில் விவரமாகப் போடுகிறேன்.

கூட்டத்தின் பெயரைப் போடவில்லை. புதிதாக வந்தவர்களுக்குச் சரக்கு ஏற்றும் வேலை தருவதாக விளம்பரம் செய்யும் ஒரு கார்ப்பரேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு குழு. பெயரைச் சொன்னால் நாளைக்கு வேறு பெயரில் வந்து நிற்பார்கள், நீங்களும் இந்தப் பெயர் இல்லையே என்று நம்பிப் போவீர்கள். செய்முறையைத் தெரிந்துகொள்ளுங்கள், அது மாறாது.

கூரியர் கான்ட்ராக்ட் தெரியாதவர்களுக்கு: சரக்குக்காரர் நான்கு விஷயங்களை எழுதுகிறார். எங்கிருந்து எங்கே, எத்தனை கன மீட்டர், கூலி எவ்வளவு, கொலாட்டரல் எவ்வளவு. கொலாட்டரல் என்பது பிணைத்தொகை. கான்ட்ராக்டை ஏற்ற அந்த நொடியே அது நம் வாலட்டிலிருந்து கழியும். சரக்கு பிளாஸ்டிக் உறை போட்ட பொட்டலமாக நம் ஹேங்கருக்கு, அதாவது ஸ்டேஷனில் உள்ள நம் கிடங்குக்கு வரும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஏற்றுகிறவருக்குத் தெரியாது. பொட்டலம் போய்ச் சேர வேண்டிய இடத்தில் டாக் செய்து, அதாவது கப்பலை உள்ளே நிறுத்தி, ஒப்படைத்தால் பிணையும் கூலியும் வரும். கெடு தாண்டினால் கான்ட்ராக்ட் தோற்றதாகக் குறித்துப் பிணை முழுவதையும் சரக்குக்காரர் எடுத்துக்கொள்ளலாம். ஏற்றுகிறவர் சரக்கோடு ஓடிவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு இது. சரக்குக்காரரே திருடனாக இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பதிவு.

ஆட்சேர்ப்பு சானலில் விளம்பரம். பேச்சு மிகவும் பதமாக இருந்தது. சேர்ப்பதற்குக் கட்டணம் கேட்கவில்லை, டெபாசிட் கேட்கவில்லை, கணக்கு விவரங்களைப் பார்க்கும் அனுமதி கேட்கவில்லை. புதியவர்களை எச்சரிக்கும் வழிகாட்டிகள் எல்லாம் எதையெதைக் கேட்டால் ஓடச் சொல்கின்றனவோ, அதில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. மாறாக, கொள்ளளவைக் கூட்டும் கார்கோ எக்ஸ்பாண்டர் பொருத்திய ஒரு பேட்ஜர் சரக்குக் கப்பலைச் சும்மா கொடுத்தார்கள். நான்கு டெலிவரி ஒழுங்காக முடித்தால் கார்ப்பரேஷனில் சேர்த்துக்கொள்வார்களாம். பரீட்சை வைப்பவன் அவன் என்றால், அவனைச் சோதிக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுவதே இல்லை.

முதல் கான்ட்ராக்ட்: பிணை 2 கோடி, கூலி 30 லட்சம். ஜிட்டாவிலிருந்து மூன்று ஜம்ப் (ஒரு நட்சத்திர அமைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவுவது ஒரு ஜம்ப்), சேரும் இடம் என்பிசி ஸ்டேஷன், அதாவது ஆட்டக்காரர்கள் கையில் இல்லாமல் கேமே நடத்தும் நிலையம். பிணை திரும்பியது, கூலி வந்தது. இரண்டாவது: பிணை 5 கோடி, கூலி 60 லட்சம். அதுவும் என்பிசி ஸ்டேஷன், அதுவும் சுத்தம்.

மூன்றாவதைக் கவனியுங்கள். பிணை 12 கோடி, கூலி 1.2 கோடி. சேர வேண்டிய இடம் ஒரு அஸ்ட்ராஹவுஸ், அதாவது ஆட்டக்காரர்களே கட்டி வைத்திருக்கும் நடுத்தர அளவு ஸ்ட்ரக்சர். டாக் பொத்தானை அழுத்தியதும் கதவு திறந்தது. பொட்டலம் ஒப்படைக்கப்பட்டது. 12 கோடியும் கூலியும் அட்சரம் பிசகாமல் வந்தன. "பார்த்தாயா, இதுதான் நம் தலைமையகம், இனிமேல் இங்கேதான் வேலை" என்று டிஸ்கார்டில் ஒரு வாழ்த்து வேறு.

சந்தேகம் செத்த இடம் அதுதான். முன்பின் தெரியாத ஸ்ட்ரக்சருக்குக் கூரியர் எடுக்காதே என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கிறது. ஆனால் இது தெரிந்த ஸ்ட்ரக்சர் ஆகிவிட்டதே! நேற்றுதானே உள்ளே போய்விட்டு வந்தோம்!

நான்காவது: பிணை 95 கோடி, கூலி 5.5 கோடி. 3,800 கன மீட்டர். பேட்ஜரின் அடிப்படைக் கொள்ளளவு 3,900. அளவெடுத்துத் தைத்த சட்டை. அதே அஸ்ட்ராஹவுஸ், முடிக்க ஒரு நாள் கெடு. "அலையன்ஸுக்கு அவசரமான சரக்கு, நம்பிக்கையான ஆளிடம்தான் கொடுக்க முடியும்" என்று ஒரு வரி. அலையன்ஸ் என்பது பல கார்ப்பரேஷன்களின் கூட்டணி. வாலட்டில் எவ்வளவு இருக்கிறது என்று முந்தைய நாள் அரட்டையில் சாதாரணமாகக் கேட்டிருந்தார்கள். "பெரிய சரக்கு எடுக்கத் தாங்குமா, அதற்காகத்தான் கேட்கிறேன்." பதில் சொன்ன மறுநாள், பதிலுக்குச் சரியாகப் பொருந்தும் தொகையில் பிணை. 95 கோடி.

ஏழு ஜம்ப். ஆட்டோபைலட் போடாமல், அமைப்புகளை இணைக்கும் ஒவ்வொரு கேட்டுக்கும் கையாலேயே வார்ப் செய்து, ஒரு தொந்தரவும் இல்லாமல் அஸ்ட்ராஹவுஸ் வாசலில் போய் நின்றால், டாக் செய்ய அனுமதி இல்லை என்று செய்தி. இரண்டாவது முறை, அதே செய்தி. பத்தாவது முறை, அதே செய்தி. பக்கத்தில் போய் நின்றால் தெதர் பாதுகாப்புக் கற்றையாவது பிடிக்க வேண்டும். அதுவும் பிடிக்கவில்லை. நம் பெயரை அனுமதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஸ்ட்ரக்சர் வைத்திருப்பவர் யார் உள்ளே வரலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பார். அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். நாம் கான்ட்ராக்டை ஏற்ற பிறகும் மாற்றலாம். ஒப்படைக்க டாக் செய்தே ஆக வேண்டும். வாசலில் பொட்டலத்தை மிதக்கவிட்டுவிட்டு ஒப்படைத்ததாகச் சொல்ல முடியாது. ஆக, 95 கோடி பிணையைக் கட்டியவன் நாம், கதவின் சாவி எதிராளியிடம்.

பிறகு ஆரம்பித்தது சாக்குப்போக்கு. முதல் பத்து நிமிஷம்: "பட்டியல் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் பொறு." ஒரு மணி நேரம் கழித்து: "அந்த அதிகாரம் டைரக்டரிடம்தான் இருக்கிறது, அவர் அமெரிக்காவில் தூங்குகிறார்." பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது நாலு க்ளிக் வேலை, அதற்கு ஒரு கண்டம் விழிக்க வேண்டுமாம். அடுத்து: "டவுன்டைம் முடிந்ததும் தானாகச் சரியாகும்." டவுன்டைம், அதாவது தினமும் சர்வரை நிறுத்தும் நேரம், ஈவ் நேரம் 11:00, நமக்கு மாலை 4.30. முடிந்து வந்து பார்த்தாலும் கதவு அதே கதவு. கெடு முடிய இரண்டு மணி நேரம் இருந்தபோது வந்ததுதான் எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது: "கான்ட்ராக்டை நீயே தோற்றதாகக் குறித்துவிடு, பிணை எங்களுக்கு வந்ததும் கையால் திருப்பி அனுப்பிவிடுகிறோம்." செய்யவில்லை. செய்யாததால் மிச்சமானது ஒன்றுமில்லை, கெடு முடிந்ததும் அவர்களே தோற்றதாகக் குறித்து 95 கோடியை எடுத்துக்கொண்டார்கள். ஐந்து நிமிஷத்தில் டிஸ்கார்டிலிருந்து வெளியேற்றம், கேமுக்குள் பிளாக்.

பொட்டலம் நம் கப்பலிலேயே இருக்கும், அதைத் திருப்பிக் கேட்கக்கூட மாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் டிரிட்டேனியம் என்ற மலிவான கனிமம். ஒன்று 0.01 கன மீட்டர், ஆக 3,80,000 டிரிட்டேனியம். ஒன்று 4 இஸ்க் என்று வைத்தால் மொத்தம் 15 லட்சம். பதினைந்து லட்சத்துக்கு 95 கோடி பிணை. முதல் மூன்று கூலியாக அவர்கள் கொடுத்தது 2.1 கோடி, கூட ஒரு பேட்ஜர். தூண்டிலில் புழு வைக்கிற செலவு.

இதையே கதவு இல்லாமலும் செய்வார்கள். சேரும் இடம் என்பிசி ஸ்டேஷனாக இருக்கும், ஆனால் வழி உவேடாமா போன்ற, பாதுகாப்பு மதிப்பு 0.5 உள்ள அமைப்பு வழியாகப் போகும். அங்கே அவர்களுடைய வேறு கணக்குகள் காட்டலிஸ்ட் டெஸ்ட்ராயர் என்ற மலிவான போர்க்கப்பலில் காத்திருக்கும். 0.5 அமைப்பில் கேமின் போலீஸான கான்கார்ட் வந்து சேர ஏறக்குறைய 19 விநாடி. பேட்ஜரை உடைக்க அது தாராளம். கான்கார்ட் சுட்டவனைக் கொல்லும், சுடப்பட்டவனைக் காப்பாற்றாது. சுட்டவன் இழப்பது மலிவான ஒரு கப்பல், கிடைப்பது முழுப் பிணை. ஆட்டோபைலட்டில் போனால் அவர்களுக்கு வேலை இன்னும் சுலபம்: கேட்டிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளி இறங்கி நம் கப்பல் ஊர்ந்து போகும். ஹை-செக், அதாவது உயர் பாதுகாப்புப் பகுதி, என்ற பெயரைப் பார்த்துப் பத்திரம் என்று நினைப்பவர்கள் இதை இரண்டு தடவை படியுங்கள்.

"டிக்கெட் போட்டாயா?" என்று, அதாவது கேம் நிறுவனத்திடம் புகார் கொடுத்தாயா என்று கேட்பார்கள். இதற்கு டிக்கெட் கிடையாது. இந்த ஆட்டத்தில் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது விதிக்கு உட்பட்டது, இழந்ததை நிறுவனம் திருப்பித் தராது. புதியவர்கள் முதலில் வந்திறங்கும் தொடக்க அமைப்புகளில் அவர்களைச் சீண்டக் கூடாது என்று மட்டும் தனி விதி இருக்கிறது. அதைத் தாண்டி வந்துவிட்டால் அவரவர் சாமர்த்தியம். 2009-இல் ஈபேங்க் என்று ஆட்டக்காரர்களே நடத்திய ஒரு வங்கியின் தலைவர் சுமார் 20,000 கோடி இஸ்க்கை எடுத்துக்கொண்டு போனார். அவரைத் தடை செய்தார்கள், ஆனால் திருட்டுக்காக இல்லை. அந்த இஸ்க்கை நிஜப் பணத்துக்கு விற்றார் என்பதற்காக. அவ்வளவு பெரிய தொகைக்கே நியாயம் அதுதான் என்றால், என் 95 கோடிக்கு யார் வரப்போகிறார்கள்.

இப்போது திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கு எதிரே இருந்த தடயங்கள். அந்த அஸ்ட்ராஹவுஸின் ஷோ இன்ஃபோ என்ற விவரப் பெட்டியைத் திறந்தால் உரிமையாளராக இருப்பது வேலை கொடுத்த கார்ப்பரேஷன் இல்லை, ஒரே ஓர் உறுப்பினர் உள்ள வேறொரு கார்ப்பரேஷன். ஆள் பிடித்தவரின் கேரக்டரில் வேலை வரலாற்றைப் பார்த்தால் சில வாரங்களுக்கு ஒரு கார்ப்பரேஷன். "அலையன்ஸ்" என்றார்களே, கார்ப்பரேஷன் எந்த அலையன்ஸிலும் இல்லை. மூன்றையும் பார்க்க மூன்று க்ளிக். 95 கோடி கட்டுவதற்கு முன் அந்த மூன்று க்ளிக் தோன்றவில்லை.

ஸ்ட்ரக்சரின் பெயரையும் நம்பாதீர்கள். முன்னால் அமைப்பின் பெயர் தானாக வரும், மீதியை வைத்திருப்பவர் இஷ்டத்துக்கு எழுதலாம். "மூன் 4, கால்டாரி நேவி" என்று எழுதி வைத்தால் அவசரத்தில் படிப்பவருக்கு ஜிட்டாவின் பெரிய ஸ்டேஷன் மாதிரியே இருக்கும். பெயரை வைத்து முடிவு செய்யாமல் ஷோ இன்ஃபோ திறந்து, உரிமையாளர் என்பிசி கார்ப்பரேஷனா என்று பாருங்கள்.

தப்பிக்கும் வழிகளை விவரமாக எழுதுவதாகச் சொன்னேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, சுருக்கமாக:

புதியவராக இருக்கும்வரை என்பிசி ஸ்டேஷனிலிருந்து என்பிசி ஸ்டேஷனுக்கு மட்டும் கூரியர். நேற்று டாக் ஆனது என்பது இன்றைக்கு டாக் ஆகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

பிணையாகக் கட்டும் தொகை மொத்தமும் போனாலும் மறுநாள் விளையாட முடியுமா? முடியாதென்றால் எடுக்காதீர்கள். வாலட் இருப்பை யாரிடமும் சொல்லாதீர்கள்.

பொருள் மாற்று கான்ட்ராக்டில் பூஜ்யங்களை எண்ணுங்கள். நமக்கு லட்சம், கோடி என்று பழக்கம். அங்கே மூன்று மூன்றாகக் கமா விழும், 100 மில்லியனும் 1,000 மில்லியனும் ஒரே பார்வையில் ஒன்றாகத் தெரியும். தலைப்பில் "ரேவன் நேவி இஷ்யூ" என்ற விலை கூடிய கப்பலின் பெயரை எழுதி உள்ளே வெறும் ரேவன் கப்பலை வைப்பார்கள். பொருள் பட்டியலைப் படியுங்கள், தலைப்பை அல்ல.

ஜிட்டாவின் பொது அரட்டையான லோக்கலில், அனுப்பியதை இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஈவ் யுனிவர்சிட்டி 2004-இலிருந்து இருக்கிறது, காசு வாங்குவதில்லை. அங்கே போய் முட்டாள்தனமான கேள்விகள் கேளுங்கள், 95 கோடியை விட மலிவு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆட்சேர்ப்பு சானலில் அதே வாசகம், வேறு கார்ப்பரேஷன் பெயரில் ஓடுகிறது. சும்மா கொடுக்கும் கப்பல் மட்டும் பேட்ஜரிலிருந்து டைரா என்ற இன்னொரு சரக்குக் கப்பலாக ஆகியிருக்கிறது.