அமேசிங் ஃபேண்டஸி ஆம்னிபஸ்: சில வருஷம் வச்சுப் படிச்ச அனுபவம்

அமெரிக்க காமிக்ஸ் கம்பெனி மார்வெலோட இந்த குண்டு புக்கு 2007ல வந்தது, பேர் மாறி மாறி வந்த ஒரே காமிக்ஸோட 15 இதழையும் ஒண்ணா சேத்துக் கட்டின தொகுப்பு (அதத்தான் ஆம்னிபஸ்ங்கிறாங்க). வாங்குறவங்க முக்காவாசிப் பேரு கடைசி இதழுக்காகத்தான் வாங்குறாங்க, அதான் 1962 ஆகஸ்ட்ல வந்த 15ஆம் நம்பர், ஸ்பைடர்மேன் முதமுதல்ல தலைகாட்டுனது (தமிழ் லயன் காமிக்ஸ்ல நாம படிச்ச ஸ்பைடர் வேற ஆளுங்க, அவரு பிரிட்டிஷ் காமிக்ஸ்ல இருந்து வந்தவரு). அப்ப விலை 12 சென்ட், 2021ல ஒரு காப்பி 36 லட்சம் டாலருக்கு ஏலம் போச்சு, நமக்கெல்லாம் ரீபிரிண்ட்தான் கதி.

ஆனா நான் அடிக்கடி எடுக்குறது அதுக்கு முன்னாடி இருக்குற பக்கங்களத்தான். முதல் 6 இதழ் அமேசிங் அட்வென்ச்சர்ஸ்ங்கிற பேர்ல வந்தது, ஓவியர் ஜாக் கிர்பியோட ராட்சச ஜந்துக்கள், கூடவே டாக்டர் ட்ரூம்னு ஒரு மந்திரவாதி ஹீரோ. இத ஒரு தடவை புரட்டினா போதும். ஜந்து வரும், ஊரே ஓடும், கடைசில எவனாவது புத்திசாலி அத ஏமாத்தி அனுப்பிடுவான்.

7ல இருந்து 14 வரைக்கும் பேரு அமேசிங் அடல்ட் ஃபேண்டஸி. அடல்ட்னதும் பதறாதீங்க, பசங்க தாராளமா படிக்கலாம். ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைய, ரெண்டு பேரும் சேர்ந்து பண்ண குட்டிக் குட்டிக் கதைகள், கடைசிக் கட்டத்துல ஒரு திருப்பம். 1954ல காமிக்ஸ் கோட்னு ஒரு தணிக்கை விதிமுறை கொண்டாந்து ரத்தம், ஜாம்பி எல்லாத்துக்கும் தடை போட்டுட்டாங்க, அதனால டிட்கோ வேர்த்த மூஞ்சி, முறுக்கின விரலு, சுவத்துல விழுற நிழல் இத வச்சே கிலி கிளப்புறாரு. ஒரே மூச்சுல நாலுக்கு மேல படிக்காதீங்க, அஞ்சாவதுல 'இவனேதான் செவ்வாய் கிரகத்து ஆளா இருப்பான்'னு நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்க.

இதெல்லாம் படிச்சிட்டு வரிசையா 15க்கு வந்தா ஸ்பைடர்மேன் வேற மாதிரி தெரியுது. 11 பக்கம், சூப்பர்ஹீரோ டிரஸ் போட்ட அதே திருப்பக் கதைதாங்க அது. சக்தி கிடைச்சவன் காசு பாக்க கிளம்புறான், எனக்கென்னன்னு ஒரு திருடன ஓட விடுறான், அப்புறம் பெரியப்பாவக் கொன்னவன் மூஞ்சியப் பாத்தா அதே திருடன். அந்த ஒரு கட்டத்துல முகமூடியோட வெள்ளைக் கண்ணுக்குள்ள கருவிழி தெரியிற மாதிரி டிட்கோ வரைஞ்சிருப்பாரு, சட்டுனு உள்ள இருக்குற பையன் வெளிய வந்துடுவான். தனியா அந்தக் கதைய மட்டும் படிச்சப்ப இது என் கண்ணுலயே படல.

குறைன்னா வெயிட்டு, படுத்துக்கிட்டு படிக்கவே முடியாது, மடியில தலகாணி வச்சாத்தான் உண்டு. பேப்பர் வழவழன்னு இருக்கு, அந்தக் காலத்து நியூஸ்பிரிண்ட்ல மங்கலா பதிஞ்ச கலரு இதுல பளீர்னு அடிக்குது, டியூப்லைட் கீழ உக்காந்தா கண்ணு கூசும். மேலட்டைய கழட்டி வச்சிட்டுப் படிங்க, ஓரம் சீக்கிரம் கிழியுது. மழைக்காலத்துல ராமபாணப்பூச்சி வேற, சிலிக்கா பாக்கெட் போட்டு வச்சிருக்கேன், இதுவரைக்கும் தப்பிச்சிருக்கு. செகண்ட் ஹேண்ட்ல கிடைச்சா காசு குடுக்குறதுக்கு முன்னாடி நடுப்பக்கத்தத் திறந்து தையல் விட்டிருக்கான்னு பாத்துக்கோங்க.