எஸ்எம்பிஎஸ் எங்கே என்று கேட்ட கடை

மஞ்சக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்துப் பாண்டிக்குப் போனேன், என் முதல் கேமிங் பிசிக்கான பட்டியலோடு. சின்னக் கடைதான். கவுன்ட்டரில் இருந்த அண்ணன் பட்டியலைப் பார்த்ததும் கேட்டது: "தம்பி, எஸ்எம்பிஎஸ் எங்க?" கம்ப்யூட்டருக்குள் எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி அது. கிராபிக்ஸ் கார்டிலேயே காசு தீர்ந்துவிட, அதை எழுதாமலே விட்டிருந்தேன். அந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு மட்டுமே 170 வாட் இழுக்கும். மின்சாரத்தை அதிகம் வீணாக்காததற்கான 80 பிளஸ் முத்திரை உள்ள 550 வாட் வாங்கு என்றார். கேபினெட்டோடு மலிவாக வருவதைத் தொடவே விடவில்லை. எங்கள் தெருவில் கரன்ட் போய் வரும் அழகுக்கு அது சரிதான்.

ரைசன் 5 5600 பிராசஸரின் பெட்டிக்குள்ளேயே அதைக் குளிர்விக்கும் கூலர் இருக்கும், தனியாக வேண்டாம் என்றும் சொன்னார். ஆனால் ரேமில் கோட்டை விட்டார்கள். இரண்டு 8 ஜிபி ஸ்டிக் கேட்டேன். வீட்டில் பிரித்தால் ஒற்றை 16. முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், பஸ் காசுதான் என் தலையில்.

அப்புறம் முதல் தடவை பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது, திரை கறுப்பு. அரை மணி நேரம் வியர்த்துக் கொட்டியது. மானிட்டர் கேபிளை மதர்போர்டில் சொருகியிருக்கிறேன்! 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் மதர்போர்டு வழியாகப் படம் வராது. கார்டில் மாற்றிச் சொருகினேன், படம் வந்தது.